ஆடி மாத மண்டபம்

குயின்ஸ், நியூயார்க்
27.10.2024

அன்புள்ள கலா,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். அடங்கி ஓய்வெடு என்று டாக்டர் சொன்னதை நீ எந்த லட்சணத்தில் கடைப்பிடிப்பாய் என்று எனக்குத் தெரியாதா? சாயங்காலம் ஆனால் கூடைப்பந்து கோர்ட் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, பரவாயில்லை. எழுந்து லே-அப் போட்டுக் காட்டாதே.

யூடியூபில் எதைத் திறந்தாலும் இந்த ஊர்க் கூடைப்பந்து ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க் வந்து நிற்கிறாள், அவள் அப்படி என்னதான் செய்துவிட்டாள் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். ஆனால் அவளிடமிருந்து ஆரம்பித்தால் இந்த வருடத்து சீசன் உனக்குப் பாதிதான் புரியும். முதலில் கோடை.

இங்கே பெண்கள் லீக், அதாவது டபிள்யூ.என்.பி.ஏ., மே மாதம் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. கூடைப்பந்து இந்த ஊரில் குளிர்கால விளையாட்டு. வெளியே பனி கொட்டும்போது உள்ளே ஆடுவதற்கென்றே உண்டானது. பெண்களுக்கு மட்டும் ஏன் கோடை? ஆண்கள் சீசன் முடிந்து அரங்கங்கள் காலியாகக் கிடக்கும் காலம் அது. 1996-இல் லீக்கைத் தொடங்கியதே ஆண்கள் லீக்தான். நம் ஊரில் ஆடி மாதம் கல்யாண மண்டபம் சல்லிசாகக் கிடைக்குமே, அந்தக் கணக்கு. 1997 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸில் முதல் ஆட்டம். எங்கள் நியூயார்க் லிபர்ட்டி 67-57 என்று ஜெயித்தது. அன்றைக்கு இருந்தவை எட்டே அணிகள், இந்த 2024-இல் பன்னிரண்டு.

கோடையில் ஆடிக் கிடைக்கும் சம்பளம் போதாமல், ஆட்டக்காரிகள் குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கி, சீனா என்று போய்ச் சம்பாதித்தார்கள். வருடம் முழுக்க ஓய்வே கிடையாது. டயானா டவ்ராசி இருக்கிறாளே, 2015-இல் அவளுக்கு ரஷ்ய அணி ஒன்று சம்பளம் கொடுத்து, "அமெரிக்கக் கோடை சீசனுக்குப் போகாதே, உடம்பைப் பார்த்துக்கொள்" என்றது. அவளும் அந்த வருடம் இங்கே ஆடவில்லை. பிரியானா ஸ்டூவர்ட்டுக்கு 2019 ஏப்ரலில் ஐரோப்பிய இறுதிப் போட்டியில் குதிகால் தசைநார் அறுந்து, அந்த வருடக் கோடை முழுக்கப் போயிற்று. பிரிட்னி கிரைனர் 2022-இல் ரஷ்யாவில் ஆடப் போன இடத்தில் கைதாகி, டிசம்பர் வரை உள்ளேயே இருந்தாள். அவள் மேல் போட்ட வழக்கைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள். இவ்வளவு பெரிய ஆட்டக்காரி பிழைப்புக்காக ஏன் அங்கே போனாள் என்று மட்டும் ரொம்பப் பேர் கேட்கவில்லை.

சரி, இப்போது கிளார்க். ஏப்ரல் டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், இண்டியானா ஃபீவர் அணி அவளை முதல் ஆளாக எடுத்தது. முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். அதே வருடம் ஆண்கள் டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்ட பையனுக்கு ஒன்றேகால் கோடி டாலருக்கு மேல். ஷூ விளம்பரத்திலும் மற்றதிலும் கிளார்க்குக்குப் பணம் கொட்டுகிறது, அவளுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் விளம்பரம் தேடி வராத மற்ற பெண்களுக்கு அந்தச் சம்பளம்தான் சம்பளம்.

முதல் ஆட்டத்தில் 20 பாயிண்ட் எடுத்தாள், 10 முறை பந்தைப் பறிகொடுத்தாள். எதிரே ஆடிய கனெக்டிகட் அணிப் பெண்கள் அவளை மூச்சுவிட விடவில்லை. அணி தொடக்கத்தில் ஒன்பதில் எட்டு ஆட்டம் தோற்றது. அட்டவணையும் கொடுமை, 20 நாளில் 11 ஆட்டம். பயிற்சிக்கு எங்கே நேரம்? பாரிஸ் ஒலிம்பிக்குக்காக லீக் ஒரு மாதம் போல நின்றது. அவளை அமெரிக்க அணியில் எடுக்கவில்லை என்று பெரிய ரகளை. அதுவே அவளுக்கு நல்லதாகப் போயிற்று என்பேன். ஓய்வெடுத்து வந்த பிறகு 14 ஆட்டத்தில் 9 ஜெயித்தார்கள், 20 ஜெயம் 20 தோல்வி என்று முடித்து, பிளே-ஆஃப் என்ற கோப்பைச் சுற்றுக்கும் போனார்கள். அங்கே முதல் சுற்றிலேயே அதே கனெக்டிகட்டிடம் அடி.

நீ அவள் தூரத்திலிருந்து போடும் த்ரீ பாயிண்டரை மட்டும் பார்த்திருப்பாய். நடுக்கோட்டுப் பக்கம் நின்றே போடுகிறாள், வாஸ்தவம். எனக்குப் பிடித்தது அவளுடைய பாஸ். ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்து, கைக்கு வந்த அடுத்த நொடி, தலையைக்கூடத் திருப்பாமல், முக்கால் கோர்ட் தாண்டி ஓடுகிறவள் கையில் பந்து போய் உட்காருகிறது. டல்லஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் (கூடையாக முடிந்த பாஸ்), லீக் சாதனை. சீசன் முழுக்க 337, அதுவும் அதுவரை இல்லாத சாதனை. உன் பாயிண்ட் கார்டு பிள்ளைகளுக்கு அந்த வீடியோக்களைப் போட்டுக் காட்டு. த்ரீ பாயிண்டர் வீடியோ காட்டினால் எல்லாம் நடுக்கோட்டில் நின்று எறிய ஆரம்பித்துவிடும்.

அரங்கத்தில் நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். வாஷிங்டன் அணியின் சொந்த அரங்கில் 4,200 பேர்தான் உட்கார முடியும். ஃபீவர் வருகிறது என்றதும் ஆட்டத்தை நகர மையத்துப் பெரிய அரங்குக்கு மாற்றினார்கள். செப்டம்பர் 19 அன்று அங்கே 20,711 பேர், பிளே-ஆஃப் அல்லாத லீக் ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை வராத கூட்டம். அட்லாண்டாவும் லாஸ் வேகாஸும் அதையேதான் செய்தன. காலி மண்டபம் தேடிப் போனவர்களுக்கு மண்டபம் பத்தாமல் போயிற்று.

ஆனால் அதே சீசனில் ஜூன் மாதம் நடந்ததைக் கேள். கமிஷனர்ஸ் கப் என்று நடுவில் ஒரு கோப்பை. இறுதியில் லிபர்ட்டியும் மினசோட்டா லிங்ஸும். லிபர்ட்டிக்கு வீடு புரூக்ளினில் உள்ள பார்க்லேஸ் சென்டர். அங்கே ஆட முடியவில்லை. ஏன் தெரியுமா? ஆண்கள் லீக்கின் டிராஃப்ட் விழாவுக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள்! ஆட்டம்கூட இல்லையடி, பெயர் வாசிக்கும் விழா. எங்கள் குயின்ஸ் எல்லையில் ஒரு ஐஸ் ஹாக்கி அரங்குக்கு இவர்களை அனுப்பிவிட்டார்கள். எனக்கு வசதிதான், வீட்டுக்குப் பக்கம். லிங்ஸ் 94-89 என்று கோப்பையைக் கொண்டுபோயிற்று.

விமானக் கதையையும் சொல்லியாக வேண்டும். ஆறடி ஐந்தங்குலப் பெண்கள் சாதாரண விமானத்தில் காலை மடக்கிக்கொண்டு, விமான நிலையத் தரையில் தூங்கி, மறுநாள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2021-இல் லிபர்ட்டியின் முதலாளி ஜோ சாய் தன் பணத்தில் தனி விமானம் பிடித்து அணியை அனுப்பினார். மற்ற அணிகளுக்கு இல்லாத சலுகை என்று லீக் அவருக்கு 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. இந்த வருடம்தான் எல்லா அணிகளுக்கும் தனி விமானம் என்று லீக்கே ஏற்பாடு செய்தது. வருடத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் செலவு என்கிறார்கள்.

கிளார்க் பெயரைக் கேட்டுக் கேட்டு நீ ஏஜா வில்சனைத் தவறவிட்டுவிடாதே. லாஸ் வேகாஸ் அணிக்காரி. ஒரே சீசனில் ஆயிரம் பாயிண்ட் தாண்டிய முதல் பெண், மொத்தம் 1,021. சிறந்த ஆட்டக்காரி விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் அத்தனை பேரும் இவள் பெயரைத்தான் எழுதினார்கள். சிகாகோவின் ஏஞ்சல் ரீஸ் முதல் வருடத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 13.1 ரீபவுண்ட் எடுத்து, மணிக்கட்டு உடைந்து செப்டம்பரில் உட்கார்ந்துவிட்டாள். கிளார்க்கா ரீஸா என்று இணையத்தில் நடந்த சண்டையில் பாதி நிறவெறி. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் நாறிவிடும்.

இறுதிப் போட்டிக்கு வருகிறேன். லிபர்ட்டியும் லிங்ஸும், ஐந்தில் மூன்று ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் லிபர்ட்டி 18 பாயிண்ட் முன்னால் இருந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில்கூட 15 முன்னால். வீட்டுக்காரர் எழுந்து படுக்கப் போய்விட்டார். கடைசி நொடிகளில் லிங்ஸின் கோர்ட்னி வில்லியம்ஸ் ஒரு த்ரீ பாயிண்டர், கூடவே ஃபவுலும் வாங்கி நாலு பாயிண்டாக்கினாள். லிபர்ட்டி பக்கம் ஸ்டூவர்ட், ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவோடு கோட்டில் நின்றாள். முதலாவதைப் போட்டுச் சமன் செய்தாள். இரண்டாவதும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. விழவில்லை. கூடுதல் நேரத்துக்குப் போய் 95-93 என்று தோற்றார்கள். இரண்டாவது லிபர்ட்டிக்கு. மூன்றாவதில் சப்ரீனா அயனெஸ்கு 28 அடி தூரத்திலிருந்து, ஒரு நொடி மிச்சம் இருக்கையில் போட்டு ஜெயிக்க வைத்தாள். நான்காவதை மறுபடி லிங்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவில் தட்டிச் சென்றது.

அக்டோபர் 20, ஐந்தாவது ஆட்டம், பார்க்லேஸ் சென்டர். இவ்வளவு அசிங்கமான நல்ல ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. யாருக்கும் பந்து விழவில்லை. மூன்றாவது ஆட்டத்தின் நாயகி அயனெஸ்கு 19 தடவை எறிந்து ஒன்று போட்டாள். ஒன்று! ஸ்டூவர்ட்டும் அப்படித்தான். ஆட்டத்தைத் தாங்கியது பஹாமாஸ்காரி ஜான்குவல் ஜோன்ஸ். லிபர்ட்டி இரண்டு பாயிண்ட் பின்னால், 5.2 நொடி பாக்கி, ஸ்டூவர்ட் உள்ளே நுழைகிறாள், விசில். லிங்ஸின் அலானா ஸ்மித் ஃபவுல் செய்தாளாம். லிங்ஸ் கோச் ஷெரில் ரீவ் உடனே முறையிட்டார், ரெஃப்ரிகள் திரும்பத் திரும்ப வீடியோ பார்த்துவிட்டு ஃபவுல்தான் என்றார்கள். முதல் ஆட்டத்தில் கோட்டில் நின்று தவறவிட்ட அதே ஸ்டூவர்ட் இந்தத் தடவை இரண்டையும் போட்டாள். 60-60. கூடுதல் நேரத்தில் லிங்ஸுக்கு ஒரு கூடைகூட விழவில்லை, கிடைத்ததே இரண்டு ஃப்ரீ த்ரோதான். 67-62. ஜோன்ஸுக்குத் தொடர் நாயகி விருது.

இது எங்களிடமிருந்து திருடப்பட்டது என்று ரீவ் பேட்டியில் கொதித்தார். நான் லிபர்ட்டி ஆள். ஆனாலும் சொல்கிறேன், அந்த நேரத்தில் அந்த ஃபவுலை ஊதியிருக்கக் கூடாது. உரசல் இருந்தது, உண்மை. அந்த உரசல் அன்றைக்கு ஆட்டம் முழுக்க இரண்டு பக்கமும் இருந்தது. நீ வீடியோ பார்த்துவிட்டு உன் தீர்ப்பை எழுது. நீ விசில் ஊதிப் பழகியவள், உன் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

லிபர்ட்டிக்கு இது முதல் கோப்பை. முதல் வருடமே இருந்த அணி, அதற்கு முன் ஐந்து இறுதிகளில் தோற்றது. 2018-இல் பழைய முதலாளி இவர்களை மாடிசன் ஸ்கொயர் கார்டனிலிருந்து கிளப்பி, புறநகரில் ஐந்தாயிரம் பேர் கொள்ளும் கூடத்தில் ஆட வைத்தார். அந்தக் கூடத்தையும் நான் பார்த்திருக்கிறேன், பாதி காலியாக. போன வியாழக்கிழமை மன்ஹாட்டனில் காகிதத் துண்டு பறக்க ஊர்வலம். அணியின் யானைப் பொம்மை எல்லி போட்ட ஆட்டத்தைப் பார்த்து என் மகள் பள்ளிக்கு மட்டம் போட்டதையே மறந்துவிட்டாள்.

கோப்பை வாங்கிய மறுநாளே ஆட்டக்காரிகளின் சங்கம் சம்பள ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறோம் என்று லீக்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அடுத்த சீசனோடு அது முடியும், புதிதாகப் பேச வேண்டும். ஜூலையில் லீக் வாங்கிய டிவி ஒப்பந்தம் 11 வருடத்துக்கு 220 கோடி டாலர். இதில் எங்கள் பங்கு என்ன என்று கேட்கிறார்கள். இன்னொன்று: இறுதியில் எதிரும் புதிருமாக மோதிய ஸ்டூவர்ட்டும் லிங்ஸின் நஃபீசா காலியரும் சேர்ந்து, ஜனவரியில் மயாமியில் மூன்று பேர் அணிகளாக ஒரு குளிர்கால லீக் தொடங்குகிறார்கள். ஆடுகிறவர்களுக்கே பங்கும் உண்டாம். ரஷ்யா போகாமல் உள்ளூரிலேயே குளிர்காலத்தை ஓட்டலாம்.

இதையெல்லாம் பார்க்கும்போது உன் ரயில்வே வேலை ஞாபகம் வருகிறது. ஆபீஸில் ஒருத்தியிடம், "எங்கள் ஊரில் நன்றாக ஆடினால் ரயில்வே வேலை கொடுக்கும், முட்டி போனாலும் வேலை போகாது" என்றேன். அவள் நான் கதை விடுகிறேன் என்று நினைத்தாள். தெற்கு ரயில்வேயிலிருந்துதான் அனிதா பால்துரை இந்தியாவுக்குக் கேப்டனாகி, பத்மஸ்ரீ வரை போனார் என்று சொன்ன பிறகுதான் நம்பினாள். நீ டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் அந்த ஏற்பாட்டை நான் குறைவாக நினைக்க மாட்டேன்.

அடுத்த வருடம் சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஒரு புதிய அணி வருகிறது. ஆளுக்கு 44 ஆட்டம். முட்டி சரியாகி விசாவும் கிடைத்தால் ஜூனில் வா, டிக்கெட் என் பொறுப்பு. விலைதான் ஏறிவிட்டது, முன்பெல்லாம் நினைத்தால் போய் உட்காரலாம்.

தீபாவளிக்கு வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். உன் டீமில் அந்த உயரமான பெண்ணுக்கு சப்ரீனா ஷூ வேண்டும் என்றாயே, டிசம்பரில் வரும்போது கொண்டு வருகிறேன். பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் அளந்து அனுப்பு, சைஸ் நம்பர் மட்டும் எழுதினால் குழப்பம்.

உன்
சாந்தி