காலையில மட்டும் வர்ற சத்தத்தை மத்தியானம் தேடுனா எப்படிக் கிடைக்கும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பட்டர்வொர்த்துல ஃபிளாட்ல இருக்கேன், வேலை கடல் தாண்டி பினாங்குத் தீவுல, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி, காலை ஷிஃப்ட் 7 மணிக்கு, அதனால 5.45க்கெல்லாம் காடிய எடுத்தாதான் பாலத்துல ஜாம்ல மாட்டாம போய்ச் சேர முடியும். 11 வருஷம் மோட்டார்ல மழையில நனைஞ்சு பாலம் தாண்டினவ, இப்பதான் லோன் போட்டு புதுக் காடி எடுத்தேன். எந்தக் கம்பெனின்னு எழுத மாட்டேன், என் சண்டை அதுக்கில்ல.

மூணாவது மாசம் ஒருநாள் காலையில பட்டன அழுத்துனேன், கரகரகரன்னு, மைலோ டின்னுக்குள்ள ஆணியப் போட்டு ஆட்டுன மாதிரி ஒரு சத்தம், எண்ணிப் பார்த்தா நாலு செகண்டு, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. வேலை முடிஞ்சு எடுக்கும்போது லேசா வரும், வெயில்ல நின்ன நாள்ல வரவே வராது. மறுநாள் காலையில மறுபடியும் கரகர. ஃபேக்டரில சொன்னா "கோல்ட் ஸ்டார்ட்டா, பினாங்குல ஏதுடி குளிரு"ன்னு சிரிக்கிறாங்க. குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு எனக்கே பின்னாடிதான் புரிஞ்சது. ராத்திரி முழுக்க நின்ன எஞ்சின் வெளிய 25 டிகிரின்னா அதுவும் 25 டிகிரிதான், ஓடி சூடானப்புறம் 90 டிகிரி கிட்ட வந்துரும், அதோட மேல இருந்த ஆயிலும் ராத்திரியில வழிஞ்சு அடிக்குப் போயிடும், அதனால முதல் ரெண்டு செகண்டு எஞ்சின் கிட்டத்தட்ட பட்டினியாதான் சுத்துது.

ஒரு சத்தத்துக்குப் பயந்ததும் எல்லாச் சத்தமும் காதுல விழ ஆரம்பிச்சிருச்சு. ஸ்டார்ட் பண்ணதும், எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டுற ஆர்பிஎம் மீட்டர் 1,400க்கு ஏறி உர்ர்ன்னு கத்துதேன்னு பயந்தேன், அது புகை வடிகட்டுற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை சீக்கிரம் சூடாக்கறதுக்காக கம்ப்யூட்டரே ஏத்தி விடுறதாம், ஒரு நிமிஷத்துல தானா 800க்கு இறங்கிடுது. டிக் டிக்னு தையல் மிஷின் மாதிரி ஓடுறது பெட்ரோல் அடிக்கிற இன்ஜெக்டர். ரிவர்ஸ் எடுக்கும்போது சர்ருன்னு உரசுறது ராத்திரி ஈரத்துல பிரேக் டிஸ்க்ல ஏறுன துரு, கடல் பக்கத்துல இருக்கிற எங்களுக்கு இது தினப்படி, ரெண்டு தடவ பிரேக் மிதிச்சா போயிடும். கிளம்பி கொஞ்சம் வேகம் எடுக்கும்போது ஒருதடவ டொக்குன்னா, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்குற ஏபிஎஸ் தன்னைத்தானே செக் பண்ணிக்குது. மியாவ்னு கேட்டா மட்டும் உடனே நிறுத்திடுங்க, எங்க ஃபிளாட்ல சூட்டுக்காக எஞ்சின்ல ஏறிப் படுக்கிற பூனைங்க ரொம்ப, நான் இப்பவும் பானட்ட ரெண்டு தட்டு தட்டிட்டுதான் ஏறுவேன்.

ஆனா இந்தக் கரகர அந்த லிஸ்ட்ல எதுலயும் சேரல. சர்வீஸ் சென்டர் தீவுல இருக்கு, அப்பாயின்ட்மென்ட் சனிக்கிழமை 10 மணிக்கு. வீட்டுல ஸ்டார்ட் பண்ணி, 13.5 கிலோமீட்டர் பாலத்த முழுசா ஓட்டி, அங்க போய் நிக்கும்போது எஞ்சின் நல்லா சூடாயிருக்கு, அந்தத் தம்பி ஸ்டார்ட் பண்றாரு, காது வைக்கிறாரு, "சத்தமே இல்லையே அக்கா, புதுசுல்ல, கொஞ்ச நாள்ல செட் ஆயிடும்"ங்கிறாரு. ஜாப் ஷீட்ல கோளாறு இல்லைன்னு எழுதி கையெழுத்தும் வாங்கிட்டாங்க. ரெண்டாவது தடவையும் அதே கதை. பொய் சொல்றேன்னு நினைச்சிருப்பாங்களோ என்னமோ.

எங்க புளோக்லயே மூணாவது மாடியில ஒரு சீன அங்கிள், மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. "பாகி சாஜா கா?"ன்னு கேட்டாரு, காலையில மட்டுமான்னு. ஆமான்னேன். மறுநாள் 5.30க்கு அரைக்கால் சட்டையும் சிலிப்பரும் போட்டுக்கிட்டு ஒரு அடி நீள ஸ்குரூடிரைவரோட கீழ வந்து நிக்கிறாரு. முதல்ல டிப்ஸ்டிக்க உருவி ஆயில் அளவு பார்த்தாரு, சரியா இருந்தது. அப்புறம் ஸ்குரூடிரைவர் முனைய எஞ்சின் மேல வச்சு, பிடிய காதோட ஒட்டி வச்சு, "ஸ்டார்ட்"ன்னு கைய காட்டுனாரு. நாலு செகண்டுல முடிஞ்சிருச்சு, தலைய ஆட்டுனாரு, இன்னொரு இடத்துல வச்சுக் கேட்கணும்னா மறுநாள் காலைதான், அந்தச் சத்தம் ஒரு நாளைக்கு ஒரு சான்ஸ்தானே குடுக்குது. அடுத்த நாள் செயின் ஓடுற பக்கத்து மூடியில வச்சாரு, பட்டுன்னு நிமிர்ந்து, "ரந்தாய் லா". டைமிங் செயின், எஞ்சின் வால்வுங்கள சரியான நேரத்துல திறந்து மூட வைக்கிற செயின். அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனருக்கு பலமே ஆயில் பிரஷர்தான், ஆயில் வந்து சேர்ற வரைக்கும் செயின் தொளதொளன்னு ஆடி பக்கத்துல அடிக்குது, சட்டுன்னு ஒரு செகண்டுல நின்னா விட்டுடலாம், நாலு செகண்டு ஆகாதுன்னாரு. அதோட, வாரண்டி இருக்கு, நான் தொட மாட்டேன், நீயும் வெளிய யாரையும் தொட விடாத, காடிய ராத்திரி சர்வீஸ் சென்டர்லயே போட்டுட்டு வான்னாரு. (அவரு மாதிரி காது வைக்கிறேன்னு யாரும் இறங்கிடாதீங்க, சுத்துற பெல்ட்ல முடி, துணி மாட்டுனா அவ்வளவுதான்.)

அப்படியே செஞ்சேன். முதல்ல மூணு நாள் காலையில ஃபோன்ல வீடியோ எடுத்தேன், பட்டன் அழுத்தறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு, மீட்டர்ல எஞ்சின் இன்னும் சூடாகலைன்னு காட்டுற அந்த நீல விளக்கும் ஆர்பிஎம்மும் தெரியுற மாதிரி. அதைக் காட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் காடிய அங்கேயே விட்டேன். ராத்திரி வைக்க மாட்டோம், இன்சூரன்ஸ், இடம் இல்லன்னு ஆயிரம் காரணம் சொன்னாங்க, நான் சாவிய மேசையில வச்சுட்டு கிராப் புடிச்சு வந்துட்டேன். சனிக்கிழமை 8.40க்கு அதே தம்பி ஃபோன் பண்ணாரு, "அக்கா, கேட்டுருச்சு". முதல்ல ஆயில் ஃபில்டர மாத்துனாங்க, அதுக்குள்ள ஆயில் திரும்பி வழியாம தடுக்குற ரப்பர் வால்வு ஒண்ணு இருக்காம், அது சரியில்லைன்னாலும் இப்படி வருமாம். சத்தம் போகல. இன்னொரு ராத்திரி விட்டேன், டென்ஷனரையே மாத்துனாங்க, போயிடுச்சு. வாரண்டியில எனக்கு ஒரு காசு செலவில்ல, கிராப்பைத் தவிர.

இதைத்தான் ஐயா உங்க பத்திரிகை மூலமா கேட்கிறேன், காலையில சத்தம்னு ஒருத்தர் சொன்னா காடிய ராத்திரி நிறுத்தி வச்சு காலையில கேட்கிறத சர்வீஸ் சென்டர்ங்க வழக்கமாவே வச்சுக்கக் கூடாதா? கேட்காத சத்தத்துக்கு "கோளாறு இல்ல"ன்னு எழுதாம, "சூடா இருக்கும்போது கேட்கல"ன்னு எழுதுனா என்ன கெட்டுப் போகுது? வாரண்டி முடிஞ்சப்புறம் செயின் போனா அந்த ஒரு வரிதானே நமக்குச் சாட்சி. சிங்கப்பூர்ல கோளாறான பொருள வாங்கி மாட்டிக்கிட்டவங்களுக்காக 2012ல இருந்தே லெமன் சட்டம் இருக்கு, வாங்கி 6 மாசத்துக்குள்ள தெரியுற கோளாறு வாங்கும்போதே இருந்ததாதான் எடுத்துக்குவாங்க, இல்லைன்னு விக்கிறவங்கதான் நிரூபிக்கணும். இங்க நமக்கு 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 50,000 ரிங்கிட் வரைக்கும் கேட்கலாம்னு பயனீட்டாளர் நடுவர் மன்றம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், ஆனா அங்க போய் நின்னாலும் காகிதம்தான் பேசும், என் முதல் ரெண்டு ஜாப் ஷீட்ல கோளாறே இல்ல.

10,000 கிலோமீட்டர் சர்வீஸ் அடுத்த மாசம் வருது, முதல் நாள் ராத்திரியே கொண்டாந்து விடட்டுமான்னு கேட்டு சர்வீஸ் சென்டருக்கு மெசேஜ் போட்டிருக்கேன், நீல டிக் ரெண்டு விழுந்திருக்கு, பதில் வரல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு