புதியவர்களுக்குக் கதவடைப்பது தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் யுடில்ஸ் மென்பொருளில் பின்கதவு (கணினிக்குள் கள்ளத்தனமாக நுழையும் வழி) வைக்கப்பட்டது 2024 மார்ச்சில் அம்பலமானது முதல், நிரலை எவரும் படிக்கவும் திருத்தம் அனுப்பவும் இடம்தரும் திறந்த மூலத் திட்டங்கள், முன்பின் அறியாதவர்களின் நிரல்களை ஏற்கவே கூடாது என்று சிலர் வாதிட்டு வருகின்றனர். நடந்ததை ஊன்றிப் பார்த்தால், அது அந்த வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

ஜியா டான் என்ற பெயரில் இயங்கியவர் பின்கதவை வைத்தபோது புதியவர் அல்லர். 2021 முதல் முறையான திருத்தங்களை அனுப்பிவந்தவர். ஏறத்தாழத் தனியாளாக அந்த மென்பொருளைச் சுமந்து களைத்திருந்த பராமரிப்பாளரை, வேலை தாமதமாகிறது, இன்னொருவரைச் சேருங்கள் என்று வேறு பெயர்களில் வந்த மின்னஞ்சல்கள் நெருக்கியதால், நாளடைவில் வெளியீடுகளைத் தாமே தயாரிக்கும் உரிமையையும் பெற்றுவிட்டவர். 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் அந்த வஞ்சக நிரலை முடுக்கிவிடும் வரிகள், எவரும் படித்துப் பார்க்கக்கூடிய மூலக் களஞ்சியத்தில் இல்லை; பதிவிறக்கத்துக்கென அவர் கட்டிய தொகுப்பில் மட்டுமே இருந்தன. கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவது ஏன் என்று ஆன்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான் உண்மை வெளிவந்தது. முதல் திருத்தத்தை அனுப்புபவரைத் தடுத்திருந்தால் இது நின்றிருக்கும் என்பது, திருடன் வீட்டுச் சாவியையே கையில் வைத்திருக்கும்போது திண்ணையில் காவல் போடுவதைப் போன்றது.

பெயர்பெற்ற நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதும் உத்தரவாதமன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு வேண்டுமென்றே பிழையுள்ள திருத்தங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு, 2021-இல் பெரும் சர்ச்சையானபோது, அதை நடத்தியவர்கள் அறியப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தினர்.

புதியவர்களால் தொல்லையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020 அக்டோபரில், திறந்த மூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புவதை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், டி-ஷர்ட் பரிசுக்காகக் குவிந்த வெற்றுத் திருத்தங்கள் பராமரிப்பாளர்களின் பொழுதைத் தின்றன. விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு அனுப்பியவை மட்டுமே கணக்கில் வரும் என்று ஏற்பாட்டாளர்கள் விதியைத் திருத்தினார்களே தவிர, யாரும் வரக் கூடாது என்று சொல்லவில்லை.

எனவே, ஆளைச் சலிப்பதைவிட வேலையைச் சலிப்பதே முறை. வெளியீட்டு உரிமை ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது. வெளியிடும் தொகுப்பு களஞ்சியத்தோடு பொருந்துகிறதா என்பதை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். முதல் திருத்தம் சிறியதாயினும் காரணம் சொல்லியே ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். மாதக்கணக்கில் மறுமொழியின்றிக் கிடந்தால் நல்லவர்களே முதலில் விலகிப்போவார்கள், உள்நோக்கத்தோடு வந்தவரோ பொறுத்திருப்பார். இதற்கெல்லாம் ஆள் வேண்டும் என்பது உண்மைதான். அந்த ஆட்களை, இம்மென்பொருள்களை விலையின்றி எடுத்துப் பயன்படுத்தும் நிறுவனங்கள், ஊதியம் கொடுத்து அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்