அட்டைக்கு வைத்த பெயர்

பொகவந்தலாவை

அன்பின் நண்பா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழை விட்டால் குறைந்துவிடும். சைக்கிள் விஷயத்தில் கணக்குச் சாருக்கு உன் மீதுள்ள கோபம் இன்னும் தீரவில்லை. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

அண்ணன் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். தமிழில் படித்துவிட்டு மருத்துவ பீடத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு அங்கே எல்லாமே ஆங்கிலம் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பயத்தில், யாரோ கொடுத்த நீண்ட சொற்பட்டியல் ஒன்றை இரவெல்லாம் உரக்கப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். பொருள் விளங்காமல் அவள் 'பாலிடிப்சியா, பாலிடிப்சியா' என்று சொல்லச் சொல்ல எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மறுநாள் மலையிலிருந்து இறங்கிய அண்ணி, காலில் ஒட்டியிருந்த அட்டையின் மேல் உப்பைத் தூவிக்கொண்டிருந்தார். அந்த அட்டையின் விஞ்ஞானப் பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன். ஹீமாடிப்ஸா சைலானிக்கா: கிரேக்கத்தில் ஹைமா என்றால் இரத்தம், டிப்ஸா என்றால் தாகம். பாலி என்பது மிகுதியைக் குறிக்கும். ஆகவே பாலிடிப்சியா என்பது அடங்காத தாகம், நீரிழிவுக்காரரின் தாகம். "தாத்தா இரவில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாரே, அதுவா?" என்று கேட்டாள். அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. அண்ணியின் கிளினிக் அட்டையில் எழுதியிருந்த அனீமியா என்ற இரத்தச்சோகையின் பெயரிலும் அதே ஹைமா இருப்பதையும், முன்னால் நிற்கும் 'அன்' இன்மையைக் காட்டுவதையும் அவளே கண்டுபிடித்தாள். லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோயின் பெயரில் ஹைமாவோடு சேர்வது வெண்மை என்று மட்டும் நான் சொன்னேன்.

நண்பா, இது வெறும் சொல் விளையாட்டல்ல. ஹைப்பர் என்றால் மேல், ஹைப்போ என்றால் கீழ். இரத்தத்தில் சீனி கூடியதா குறைந்ததா என்பதை அந்தச் சிறு முன்னொட்டுத்தான் சொல்கிறது, மருந்தும் அதைப் பொறுத்தே நேரெதிராக மாறும். பட்டியலை ஒப்பித்த பிள்ளைக்கு அவசர நேரத்தில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். வேர் தெரிந்த பிள்ளைக்குக் கேட்காது. வேர்கள் ஏமாற்றுவதும் உண்டு. பெடல் என்பதில் உள்ள 'பெட்' இலத்தீனின் பாதம். அதைப் போலவே தோன்றினாலும், குழந்தை மருத்துவமான பீடியாட்ரிக்ஸ் என்பதில் இருப்பது கிரேக்கத்தின் குழந்தை. எந்த மொழியின் வேர் என்று பார்த்த பிறகே பிரிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

நம் மலையின் கதையும் இந்த வேர்களில் கிடக்கிறது. 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் தோன்றிப் பின்னர் அவற்றை அழித்த பூஞ்சணத்தின் பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். அதன் வித்திகளில் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் முட்களோடும் இருப்பதால், முற்பாதி கிரேக்கத்தில் 'பாதி வழுவழுப்பு'. பிற்பாதி இலத்தீனில் 'பாழாக்குபவள்'. டிவாஸ்டேட் என்ற ஆங்கிலச் சொல்லும் அந்த வேரிலிருந்தே வருகிறது. கோப்பி அழியாமல் இருந்திருந்தால் இந்த மலைகளைத் தேயிலை இப்படி மூடியிருக்குமா என்று அவள் கேட்டபோது, வரலாற்றுப் பாடத்தையும் சேர்த்தே நடத்த வேண்டியதாயிற்று.

உன்னால் எனக்கு ஓர் உதவி ஆகவேண்டும். கொழும்பு மருதானைப் பழைய புத்தகக் கடைகளில், சொற்பிறப்புத் தரும் ஆங்கில அகராதி ஒன்றைத் தேடி அனுப்பு. நீ எனக்குத் தரவேண்டிய பழைய கடனில் கழித்துக்கொள்ளலாம். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை; எச், பி எழுத்துகளில் மட்டும் பக்கம் குறையக்கூடாது.

அன்புடன்,
உன் நண்பன்