பொங்கிய பாலுக்கும் துடைத்த கைகளுக்கும் நன்றி

அன்பார்ந்த அதிபர், ஆசிரியர்கள், அலுவலகத்தினர், பெற்றோர், பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பாடசாலைப் பொங்கல் மாலை நல்லபடி நடந்து முடிந்தது. பிள்ளைகள் ஆடியதையும் பறை அடித்ததையும் வந்தவர்கள் கண்டார்கள். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. மேடைக்கே வராமல் வேலை செய்தவர்களுக்காகத்தான் இந்த மடல். பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரும் போடவில்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் சமையலறை. பொங்கல் என்றால் முற்றத்தில் வைப்பது. கனடாவின் மார்க்கம் நகரில் ஜனவரி மாத முற்றம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வாகனத் தரிப்பிடத்தில் அடுப்பு மூட்டலாமா என்று கேட்ட ஒரு அப்பாவுக்கு உதவி அதிபர் சிரித்துக்கொண்டே மறுப்புச் சொன்னது எங்கள் குழுவில் இன்னும் பகிடி. கடைசியில் ஹொஸ்பிட்டாலிட்டி (விருந்தோம்பல், சமையல்) பாட ஆசிரியை தன் வகுப்புச் சமையலறையைத் திறந்துவிட்டார். ஒரு நிபந்தனை: கஜு கூடாது.

கஜு இல்லாமல் சர்க்கரைப் பொங்கலா என்று அம்மம்மாமார் முகத்தைச் சுழித்தார்கள். ஆசிரியை விளக்கியதை நான் தமிழில் சொன்னேன். 2003 இல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 13 வயதுப் பிள்ளை ஒருத்தி பாடசாலையில் ஒவ்வாமை வந்து இறந்துபோனாள். அவள் பெயரில் வந்ததுதான் சப்ரினா சட்டம். கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைக் காக்க ஒவ்வொரு கல்விச் சபையும் ஒரு திட்டம் வைத்திருக்கவேண்டும் என்று 2006 முதல் அது கட்டாயம். அதைக் கேட்டபின் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. பயறும் பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) கொஞ்சம் கூடப் போட்டார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பொங்கல்தான் பிடித்தது.

பாலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அடுப்பில் பால் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இரவு நேரப் பராமரிப்பாளர் வந்தார். வழியத்தான் வேண்டும், எந்தப் பக்கம் வழிகிறது என்றுகூடப் பார்ப்போம் என்றோம். ஒரு கணம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் அலுமினியத் தாள் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து, அடுப்பைச் சுற்றி அழகாக மடித்து விரித்து, புகைபோக்கி விசிறியையும் போட்டுவிட்டார். பால் பொங்கியதும் எங்களுக்கு முதல் 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தியவரும் அவர்தான். உச்சரிப்பு அவருடையது, உற்சாகம் எங்களுடையதைவிடக் கூட. எல்லோரும் போனபின் அந்தத் தாளைச் சுருட்டி எறிந்து, அடுப்பைத் துடைத்து, மண்டபத்தைக் கூட்டிக் கழுவியதும் அவரே. ஐயா, இந்த மடலில் முதல் நன்றி உங்களுக்கு.

ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஒன்ராறியோ சட்டமன்றம் 2014 இலும் கனடிய நாடாளுமன்றம் 2016 இலும் ஏற்றுக்கொண்டன. பெருமைதான். ஆனால் அதே மாதக் கடைசியில்தான் முதலாம் பருவப் பரீட்சை என்பதை அங்கே ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை! ஒத்திகைக்கு வந்த பிள்ளைகளை மதிய இடைவேளையில் இருத்திக் கணிதம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் இருவருக்கும் நன்றி.

ஒத்திகை வாரத்தில் பனி கொட்டிய நாளொன்று வந்தது. பாடசாலைப் பஸ் இல்லை, பாடசாலை மட்டும் உண்டு. அன்று காலை தங்கள் வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று மற்றவர்களின் பிள்ளைகளையும் ஏற்றிவந்த பெற்றோரை மறக்கமாட்டோம்.

ஒலிபெருக்கி வாடகைக்குத் தருவதாகச் சொன்னவர் அன்று பின்னேரம் கைவிரித்துவிட்டார். நாடக வகுப்பின் ஒலி, ஒளிப் பிள்ளைகள்தான் காப்பாற்றினார்கள். அவர்களில் ஒருவரும் தமிழ்ப் பிள்ளை இல்லை. எந்தப் பாட்டு எங்கே தொடங்கவேண்டும் என்று தங்கள் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைத்து, ஒரு இடத்தில்கூடப் பிழைக்காமல் செய்தார்கள்.

இங்கே உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெற 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்திருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கதிரை அடுக்கிய தரம் 12 பிள்ளைகளிடம் படிவத்தைத் தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன் என்றேன். எங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது அன்ரி என்றார்கள். பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. சாப்பாட்டுக்கும்தான் வந்திருப்பார்கள், அதிலும் பிழையில்லை.

பிரியாணிக்கு வைத்திருந்த பெரிய தேக்சாவைப் புளி போட்டு விளக்கித் தந்த உருது பேசும் தாய்க்கும், சீனப் புத்தாண்டுக்கென்று மடித்துவைத்த சிவப்பு மேசை விரிப்புகளை முதலில் எங்களுக்குத் தந்த பெற்றோருக்கும் நன்றி. தேக்சா திரும்பிப் போகும்போது வெறுமையாகப் போகவில்லை. விரிப்பில் ஓரிடத்தில் சர்க்கரைப் பாணி ஒட்டிவிட்டது, தோய்த்துத் தருகிறோம்.

குடியேற்றப் பணியாளருக்கும் ஒரு வார்த்தை. நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன குடும்பங்களைத் தொலைபேசியில் அழைத்து, இது இலவசம், பிள்ளையின் பாடசாலைதான், பயப்படாமல் வாருங்கள் என்று தனித்தனியே சொல்லியிருக்கிறார். கடைசி வரிசையில் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் இருந்த ஒரு தாய், கோலம் போட ஆள் தேவை என்றதும் எழுந்து வந்தார். அவர் போட்ட கோலத்தைத்தான் இப்போது எல்லோரும் படத்தில் பார்க்கிறீர்கள்.

நன்றி மடலில் குறை சொல்லக்கூடாது என்பார்கள். ஒன்றே ஒன்று. ஒன்ராறியோவில் ஒவ்வொரு அரச பாடசாலையிலும் பெற்றோர் இருக்கும் பாடசாலைச் சபை இருக்கிறது. விழாவுக்கு மண்டபம் கொள்ளாத எங்கள் சனம் அந்தக் கூட்டத்துக்கு நாலு கதிரைகூட நிரப்புவதில்லை. சமையலறை கிடைத்ததும் மண்டபம் கிடைத்ததும் அங்கே போய்க் கேட்டதால்தான். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், தேநீர் நாங்கள் தருகிறோம்.

அனுமதிச் சீட்டுக்குப் பதிலாக நீங்கள் கொண்டுவந்த உணவுத் தகரங்கள் எல்லாம் உணவு வங்கிக்குப் போய்விட்டன. இன்னும் உரியவர் வராத பொருட்கள்: சாம்பல் நிறச் சின்னக் கையுறை ஒன்று, எவர்சில்வர் அகப்பைகள் மூன்று, ஒற்றைச் சலங்கை. பாடசாலை அலுவலகத்தில் இருக்கின்றன, வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பொங்கல் குழு சார்பில்,
தரம் 11 மாணவி ஒருத்தியின் அம்மா