கோடையில் கடலும் ஏரியும்: நம் தூண்டில் சங்கத்தின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தூண்டில் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாகக் கூட்டங்கள், நிதி, நீர் நிலவரம் என்ற வரிசையில் இந்த அறிக்கை வரும். இந்த முறை நீர் நிலவரத்தை முன்னால் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டங்களில் நடந்த சண்டை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

ஏப்ரலில் கூட வேண்டிய பொதுக்குழு, 19-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் வந்ததால் தள்ளிப்போனது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டு போகக் கூடாது என்ற கட்டுப்பாடு நம் பொருளாளரைப் பாதிக்கவில்லை. நம் கையிருப்பு அந்த எல்லையை என்றுமே எட்டியதில்லை.

முதலில் உப்புத் தண்ணீர்.

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குக் கீழே வெள்ளாற்றில் கோடையில் நல்ல தண்ணீர் வராது என்பது நமக்குப் புதிதல்ல. ஆனாலும் 2024 கோடையில் பரங்கிப்பேட்டை முகத்துவாரத்திலிருந்து உள்ளே வெகுதூரம் வரை ஆறு கடலாகவே கிடந்தது. மார்ச் முடிவதற்குள் முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டி, அண்ணன்கோயில் படகுகள் கடல் ஏற்றம் வரும் நேரம் பார்த்துத்தான் வெளியேறின. அலையடியில் நிற்க வேண்டிய குட்டிப் பாறை மீனும் சீலாவும் பாலத்தடியில் அகப்பட்டன. மணல் திட்டில் கிழங்கான் குறைவில்லாமல் கிடைத்தது. சேற்றுப் புழுவை முள்ளில் கோத்து, சின்ன ஈயம் கட்டி, தரையோடு மெல்ல இழுத்தவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. கொடுவாதான் ஏமாற்றியது. வெயில் ஏறிய பிறகு அது கண்ணிலேயே படவில்லை. விடியற்காலை ஏற்றமும் அமாவாசையை ஒட்டிய நாளும் சேர்ந்து வந்தால் மட்டும் ஒன்றிரண்டு கடித்தன.

காற்றைப் பற்றிப் புது உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணி வரைதான் கடல் நம்முடையது. அதற்குப் பிறகு தெற்கிலிருந்து சோழகம் ஏறும். தண்ணீர் கலங்கி, தங்கூசி நரம்பு வில்லாக வளையும். ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட வீட்டுக்குப் போவது மேல். ஜூனில் கச்சான் பிடித்துவிட்டால் நிலைமை மாறும். மேற்கிலிருந்து வருவதால் கரையோரத்தில் அலை படுத்துவிடும், எறியும் தூரமும் கூடும். அந்த மாதத்தில் சில நாட்கள் வெளியே நெருப்பாகக் காய, காலடித் தண்ணீர் மட்டும் சில்லென்று இருந்ததைப் பலர் வந்து சொன்னார்கள். கரையோடு ஒட்டி வடக்கு நோக்கி அடிக்கும் காற்று மேல்தண்ணீரை ஆழ்கடல் பக்கம் தள்ளிவிடும். அந்த இடத்துக்கு அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் எழுந்து வரும். அப்படி வந்த முதல் நாள் மீன் வாயைத் திறக்காது. ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் போனால், அந்தத் தண்ணீரோடு வந்த சத்தைத் தேடிச் சிறுமீன் கரைக்கு வரும், அதன் பின்னால் பெரியதும் வரும். தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்று அன்றே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையில் நின்று தூண்டில் போடும் நமக்குத் தடை இல்லை. விசைப்படகுகள் கட்டிக் கிடந்தால் நமக்கு நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. படகு போகவில்லையென்றால் இரையும் வராது என்பதை அவர்கள் மே மாதத்தில்தான் உணர்ந்தார்கள். கணவாய் கிடைக்கவில்லை. மத்தி, கட்டுமரமும் நாட்டுப்படகும் கொண்டு வந்த அளவுக்குத்தான். அதையும் சாப்பாட்டுக்கு வாங்க வந்தவர்களோடு போட்டி போட்டு, இரைக்கென்று நாம் வாங்கியது பார்க்க நன்றாக இல்லை. உயிர் இறாலுக்குப் பிச்சாவரம் பக்கத்து இருளர் குடும்பங்களை நம்பினோம். சுரபுன்னைக் காட்டுக் கால்வாயில் மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்துப் போடும் பெண்கள் அவர்கள். இறால் முள்ளும் சிப்பியும் கிழித்த விரல்கள். அந்த இறாலுக்கு நம் உறுப்பினர் ஒருவர் பேரம் பேசியதாகத் தகவல் வந்தது. பெயர் வேண்டாம். இனி இரை இறாலுக்கு அன்றைய சந்தை விலையைவிடக் குறைத்துக் கேட்கக் கூடாது என்று செயற்குழு முடிவு செய்தது. மூவாயிரம் ரூபாய் ரீல் வைத்திருப்பவர்கள் கால் கிலோ இறாலில் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

மே முதல் வாரத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தது. இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அறிவித்ததும் குழுவில் பகிர்ந்தோம். உள்ளூரில் காற்றே இல்லையே, இதென்ன எச்சரிக்கை என்று இரண்டு பேர் கேட்டார்கள். கள்ளக்கடலின் ஆபத்தே அங்கேதான். தெற்கே இந்தியப் பெருங்கடலில் வெகுதொலைவில் அடித்த புயலின் அலை, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே வானம் தெளிவாகவே இருக்கும். மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோன செய்தி வந்த பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. எச்சரிக்கை உள்ள நாட்களில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களின் மேல் ஏறக் கூடாது. மீறினால் ஓராண்டு சங்கப் போட்டிகளில் இடமில்லை.

இனி நல்ல தண்ணீர். சண்டை இங்கேதான் தொடங்கியது.

கோடை முற்றுவதற்கு முன்பே வீராணம் வறண்டது. 47.5 அடி நிற்க வேண்டிய ஏரியில் மாடு மேய்ந்தது. சோழர் காலத்திலிருந்து வெட்டுப்பட்டுக் கிடக்கும் இந்த ஏரி, கீழணையிலிருந்து வடவாறு கொண்டுவரும் தண்ணீரை நம்பி இருக்கிறது. கீழணைக்குக் கொள்ளிடம் வர வேண்டும், கொள்ளிடத்துக்கு மேட்டூர் திறக்க வேண்டும். வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்படவில்லை. திறக்கும் அளவுக்கு அணையில் தண்ணீர் இல்லை.

ஏரி சுருங்கச் சுருங்க மதகடியிலும் வாய்க்கால் பள்ளங்களிலும் மீன் ஒதுங்கியது. கெண்டையும் ஜிலேபியும் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரவெல்லாம் சூடான குட்டையில் உயிர்வளி தீர்ந்துபோயிருக்கும். விராலுக்கு அந்தக் கவலை இல்லை. அது வெளிக்காற்றைக் குடித்துப் பிழைக்கும், தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். ஆனால் காற்றுக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டும். குட்டைக் கரையில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும், எந்த இடத்தில் குமிழி விட்டு எழுகிறது என்று தெரிந்துவிடும். அங்கே ரப்பர் தவளையை வீசினால் சிறுபிள்ளையும் பிடிக்கும்.

அப்படிப் பிடித்த விராலைத் தார்ப்பாயில் வரிசையாக அடுக்கி எடுத்த படம் ஒன்று மே மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கைதட்டல் குறிகள் குவிந்தன. மறுநாளே எதிர்ப்பும் வந்தது. குத்தகைதாரரிடம் அனுமதி வாங்கித்தான் பிடித்தோம், எப்படியும் சாகப்போகிற மீன்தானே என்பது ஒரு தரப்பு. வற்றும் கண்மாயில் ஊரே இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்துகிறார்களே என்று புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தை உதாரணம் காட்டினார்கள். என் கருத்தை ஜூன் கூட்டத்திலேயே சொன்னேன், இங்கேயும் பதிவு செய்கிறேன். அது ஊர்ப் பொது, ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குழம்புக்குப் பிடிக்கிறார்கள். நாம் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்கள். சேற்றில் பிழைத்து நிற்கும் விரால்தான் அடுத்த தண்ணீருக்கு விதை. அதையும் அள்ளிவிட்டு, ஆகஸ்டில் வந்து ஏரியில் மீனே இல்லை என்று யாரிடம் புகார் சொல்வது? கெண்டையையும் கட்லாவையும் குஞ்சு வாங்கி விடலாம். விராலை இங்கே யாரும் விடுவதில்லை.

பழைய கொள்ளிடத்துப் பள்ளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் வற்றும்போது மீன் ஒதுங்கும் பள்ளத்திலேயே முதலையும் ஒதுங்கும். சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் பிடிபடும் முதலைகளை வனத்துறை வக்காரமாரியில் கொண்டுபோய் விடுவது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரிந்தும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சிக்கிய லூரை (செயற்கை இரையை) விடுவிக்கப் போகிறார்கள். லூர் போனால் நூறு, இருநூறு. அறுத்துவிட்டு வாருங்கள்.

ஜூலை 28 அன்று மேட்டூர் திறந்தது. கர்நாடகத்து மழை அப்படி. இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டு, உபரி முழுவதும் கொள்ளிடத்தில் இறங்கியது. கோடை முழுவதும் சொட்டுக்கு ஏங்கிய ஆறு ஆகஸ்ட் தொடக்கத்தில் கரை புரண்டு ஓடியது. பழையாறு, கொடியம்பாளையம் பக்கம் கடல் வெகுதூரம் செம்பழுப்பாகிவிட்டது. உப்பில் நின்றவை வெளியேறின, ஆற்றுக் கெளுத்தியும் கெண்டையும் முகத்துவாரம் வரை அடித்து வரப்பட்டுத் திணறின. கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில் மடவை கூட்டம் கூட்டமாகத் துள்ள, கோடை முழுக்க ஒளிந்திருந்த கொடுவா அங்கே வந்து நின்றது. ஆற்றுக்கு நடுவே உள்ள திட்டுக் கிராமங்களில் மக்கள் மூட்டை கட்டிவைத்து நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் ஆற்றுக்குள் நின்று தூண்டில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். பெரும்பாலோர் கேட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் மீன் நின்றது, அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் அகப்பட்ட பெரிய கொடுவாக்களைப் பற்றி ஒன்று. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டு கழித்துத்தான் பெண்ணாக மாறும். எனவே படத்துக்குத் தூக்கிப் பிடிக்கும் பெரிய மீன் அநேகமாக முட்டையிடும் தாய். வீராணம் நிரம்பிய பிறகு விராலிலும் இதே கதை. செக்கச் சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மேல் சுழல, அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அதன்மேல் தவளையை வீசினால் பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. பெற்றவை போய்விட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன் அன்றே முடித்துவிடும்.

ஆகவே மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். ஏரி, குளம் வற்றி மீன் ஒதுங்கிய பள்ளங்களில் சங்க உறுப்பினர் யாரும் விரால் பிடிப்பதில்லை, குஞ்சோடு நிற்கும் விராலை எந்தப் பருவத்திலும் தொடுவதில்லை. எண்பது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவைத் திரும்ப விட்டுவிடுவது, சங்கப் போட்டியில் அதை எடைக்குப் பதில் நீளத்தால் கணக்கிடுவது. ஏப்ரல், மே மாதப் போட்டிகளைக் காலை ஒன்பது மணிக்கு முடித்துவிடுவது. சூடான தண்ணீரில் விட்ட மீன் நம் கண் மறைந்ததும் மல்லாந்துவிடுகிறது. முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு பல்லை இடுக்கியால் நசுக்கிவிட்டால், மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே கழற்றலாம். செய்முறை வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் இருக்கவும்.

மற்றவை சுருக்கமாக. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளத்தையும் பற்றி எல்லாருக்கும் தெரியும். அந்த மாதங்களில் சங்கத்துக்கு வேறு நடவடிக்கை இல்லை, உறுப்பினர்கள் பலர் கடலூரில் வண்டல் வாரப் போயிருந்தார்கள். பங்குனி ஆமைகள் கரையேறும் மாதங்களில் இரவுத் தூண்டிலுக்குச் சிவப்பு விளக்கு மட்டும் என்ற பழைய விதி தொடர்கிறது. கற்களில் சிக்கிய நரம்புகளை அகற்றும் பணி ஒரு முறை நடந்தது. சாக்கு நிறைந்தது, வந்தவர்கள்தான் குறைவு. வளர்ப்புக் குட்டையிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்தால் அதைத் தண்ணீரில் திரும்ப விட வேண்டாம். அது வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் பட்டியல் அவரிடம் இருக்கிறது. அதையும் வாசிக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன், மே மாதம் வரை. இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்