நெறி கட்டாமலே வந்த லிம்போமா: துணை நின்ற எல்லோருக்கும் நன்றி

வணக்கமுங்க.

கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கங்களில் நிணநீர்ச் செல்களில் வரும் ஒரு புற்றுநோயான ஃபாலிகுலர் லிம்போமாவுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்பவர்களும் வீட்டாரும் சேர்ந்து எழுதும் மடல் இது. லிம்போமா என்றால் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டும் என்றுதான் ஊரில் தெரியும். நிணநீர் முடிச்சு எதுவும் வீங்காமல் தலைத்தோலில், முன்சிறுகுடலில், தைராய்டில், உமிழ்நீர்ச் சுரப்பியில், கண்ணைச் சுற்றிய திசுவில்கூட இது வரும். இடம் மாறினால் நோயின் குணமும் வைத்தியமும் மாறிவிடும்.

முதல் நன்றி முடிதிருத்தும் அண்ணன்மாருக்கு. தலையிலும் பிடரியிலும் வலியோ அரிப்போ இல்லாமல் சிவந்து திரளும் கட்டி முதலில் உங்கள் கண்ணில்தான் படுகிறது. "மஞ்சப் பத்துப் போட்டுட்டு உட்டுறாதீங்க, தோல் டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்க" என்று சொன்ன ஒவ்வொருவரையும் கும்பிடுகிறோம்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயந்தவர்களிடம், சதை எடுத்துப் பார்ப்பதால் லிம்போமா பரவுவதில்லை என்று பொறுமையாக விளக்கிய தோல் மருத்துவர்களுக்கு நன்றி. இந்தக் கட்டி மேல்தோலுக்கு அடியில் உட்காரும். மேலாகச் சீவி எடுத்தால் நோய் சிக்காது. ஆழமாக எடுக்க வேண்டும். ஊசியில் உறிஞ்சினால் செல்கள் மட்டும் வரும், அவை வட்டம் வட்டமாகக் கூடியிருக்கும் அமைப்பு தெரியாது. சதை எடுக்கும் முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி சுருங்கி, நோய் மறைந்துகொள்ளவும் கூடும். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையோடு நிற்காமல் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதி வரை போய், வெள்ளை மணிகள்போல் இருந்ததைக் கவனித்துச் சதை எடுத்த மருத்துவர்களுக்கும் அதே நன்றி. முன்சிறுகுடலில் வந்தால் பெரும்பாலும் தொந்தரவே இருக்காது; வேறு எதற்கோ பார்க்கும்போது தற்செயலாகத் தெரிவதுதான் அதிகம்.

ஆபரேஷன் தியேட்டர் ஊழியர்களே, உங்கள் வேலையை யாரும் எழுதுவதில்லை, அதனால் நாங்கள் எழுதுகிறோம். அகலவாய் டப்பா, சதை கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவம், சதையைப் போல் 10 மடங்கு அளவு. குறைந்தால் நடுப்பகுதி கெட்டு, பிறகு போடும் சாயங்கள் ஒட்டாது. ஃபிரீசரில் வைத்தால் பனி உறைந்து செல்கள் கிழியும். மூடி மாறிப்போகும் என்பதால் பெயர்ச்சீட்டை டப்பாவின் உடம்பிலேயே ஒட்டினீர்கள். சனி, ஞாயிறு என்று பார்க்காமல் லேபுக்கு அனுப்பினீர்கள்.

நோய்க்குறியியல் மருத்துவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பி.சி.எல்.2 புரதம் மிகுந்து, சாக வேண்டிய செல் சாகாமல் கிடக்கிறது. வழக்கமான ஃபாலிகுலர் லிம்போமாவிலும் முன்சிறுகுடல் வகையிலும் இதைப் பெரும்பாலும் காணலாம். தோலிலேயே பிறந்த வகையில் பி.சி.எல்.2 பொதுவாக இருக்காது, அல்லது மங்கலாக இருக்கும். தோலில் அது அழுத்தமாகத் தெரிந்தபோது, "உள்ளிருக்கும் முடிச்சிலிருந்து வந்ததா என்று தேடுங்கள்" என ரிப்போர்ட்டில் நீங்கள் எழுதிய ஒரு வரி சிகிச்சையையே திருப்பியிருக்கிறது. எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கை இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோக மறுக்காமல் கொடுத்ததற்கும் நன்றி. வாங்கிப் போகிறவர்கள் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அதை விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகும்.

உடம்பில் நோய் எங்கெங்கே இருக்கிறதென்று காட்டும் பெட் ஸ்கேன் பிரிவினருக்கு: 6 மணி நேரம் வெறும் வயிறு, சர்க்கரை அளவு என்று சொன்னதோடு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை குடலை ஒளிரவைத்து நோயை மறைக்கும், எப்போது நிறுத்துவதென்று டாக்டரைக் கேளுங்கள் என்றும் சொன்னீர்கள். முன்சிறுகுடலின் சிறு மணிகள் ஸ்கேனில் தெரியாமலே போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள்.

தோலில் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் கதிர்வீச்சே பெரும்பாலும் போதும். 12 தவணைகளில் 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது பரவலாகக் கொடுக்கும் அளவு. முன்சிறுகுடல் வகையில் பல நேரம் மருந்தே வேண்டாம், கவனித்து வந்தால் போதும். "கேன்சர்னு சொல்லிப்போட்டு மருந்தில்லாம அனுப்பறாங்களே" என்று பதறிய சொந்தபந்தங்களை உட்கார வைத்துப் பேசிய புற்றுநோய் மருத்துவர்களை மறக்க மாட்டோம்.

லிம்போமாவுக்கான ரிட்டுக்ஸிமாப் மருந்தை ஏற்றும் முன் மஞ்சள்காமாலை பி கிருமிக்கு இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் கேட்டு வாங்கிய செவிலியர்களே, உறங்கிக் கிடக்கும் அந்தக் கிருமி இந்த மருந்தில் எழுந்து கல்லீரலைத் தாக்கும் என்று விளக்கியது நீங்கள்தான். முதல் தடவை மணிக்கு 50 மில்லிகிராம் என்று மெதுவாகத் தொடங்கி, குளிர் நடுக்கம் வந்ததும் நிறுத்தி, அடங்கிய பின் தொடர்ந்தீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மேசையில் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

ஊர் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. கட்டி திடீரென வேகமாக வளர்ந்தாலோ, இரவில் துணி நனைய வியர்த்தாலோ, 6 மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, இரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி ஏறினாலோ நோய் வேகமான வகையாக மாறியிருக்கலாம். அப்போது மறுபடியும் சதை எடுத்துப் பார்க்க உடனே அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஃபாலிகுலர் லிம்போமா நோயாளிகளும் குடும்பத்தாரும்,
கொங்கு வட்டாரம்