பொருத்தனைப் பாட்டில்

பாளையங்கோட்டை,
செப்டம்பர் 14.

அன்புள்ள கமலா,

திட்டுவதாக இருந்தால் முதலில் திட்டி முடித்துவிட்டு மேலே படி. நீ எத்தனையோ முறை போன் செய்தாய், ஈஸ்டருக்கு அட்டை அனுப்பினாய், என் பிறந்தநாளுக்கு ஒரு டப்பா நிறைய முறுக்கு அனுப்பினாய். முறுக்கைத் தின்றுவிட்டுப் பதில் போடாதவள் நான். ஐந்து மாதம்! வார்டன் அம்மா அன்று உன்னைப் பார்த்து, "சாப்பாட்டு மணிக்கு மட்டும் ஆஜர்" என்று சொன்னதை இன்று என்னைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த எண்ணெயை விட்டுத்தொலைத்துவிட்டு டாக்டரிடம் போ. இவர் நலம். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அல்வாக் கடைப் பக்கம் போவதே இல்லை என்று என்னிடம் சத்தியம் செய்கிறார், சட்டைப்பையில் நெய்க்கறை இருக்கிறது. பேரன் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டானா?

இந்தக் கடைசிக் கேள்வியை எழுதத்தான் ஐந்து மாதம் பிடித்தது, ஏட்டி.

ஷீபாவுக்கு மறுபடியும் கரு நிற்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், பதினான்கு வாரம் வரை வந்தது. இந்த முறை மூன்றாவது சிகிச்சை. திருமணமாகிப் பதினோரு வருஷம், அவளுக்கு வயது முப்பத்தாறு. பெரிய வியாழக்கிழமை இரவு, ஆராதனை முடிந்து வந்து பாயை விரிக்கிறேன், மருமகனிடமிருந்து போன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஊர் முழுவதும் கோவிலில் சிலுவையின் ஏழு வார்த்தைகள் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காரணம் எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டர். நல்ல மனிதர், சொல்லும்போது தரையைப் பார்த்தார். உன் ஈஸ்டர் அட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. "உயிர்த்தெழுந்தார்" என்று தங்க எழுத்து. அதை நான் எங்கே வைத்தேன் என்று கேட்காதே.

ஊர் மக்கள் வந்தார்கள். வருவார்கள்தானே. "அன்னாளைப் பாருங்கள், சாராளைப் பாருங்கள், எலிசபெத்தைப் பாருங்கள்." பதினோரு வருஷமாக நானும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் பிள்ளை பெற்றவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுத்து என் மகள் கையில் கொடுத்தால் அவள் எங்கே போய் நிற்பாள்? புஷ்பம் அக்கா ஒரு படி மேலே போய், "வீட்டில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா என்று பார்" என்றாள். இருக்கிறது அக்கா, உங்களுக்கு இரண்டாவது காப்பி கொடுத்தது என்று சொல்ல வாய் வந்தது. இவர் கண்ணால் அடக்கிவிட்டார்.

அவர்களைக் குறை சொல்லி என்ன? அதைவிட என் மேல்தான் எனக்குக் கோபம். போன வருஷம் கன்வென்ஷனில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் ஷீபாவின் தலையில் கை வைத்து, "அடுத்த வருஷம் இதே கூட்டத்துக்குப் பிள்ளையோடு வருவாய்" என்றார். சாராளுக்குப் பிள்ளை பிறக்கும் என்று சொல்லும் இடத்தில் வருகிற, ஆதியாகமத்து 'உற்பவகாலத்திட்டம்' என்ற சொல்லை வேறு இரண்டு முறை உச்சரித்தார். முப்பத்தோரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான், அந்தச் சொல்லை அவர் அவ்வளவு அழகாகச் சொன்னதிலேயே பாதி மயங்கிவிட்டேன். பந்தலிலேயே உரத்த ஆமென் என்னுடையது. அப்புறம் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். அவளுக்கு வந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் வசனம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பின்னால் ரோஜாப்பூப் படம். பிரிட்ஜ் கதவில் காந்த வில்லையால் ஒட்டிவைத்தாள். பிப்ரவரியில் நல்ல செய்தி வந்தபோது அந்த அட்டைக்கு முத்தம் கொடுத்தவளும் நான்தான்.

ஏப்ரலுக்குப் பிறகு அந்த அட்டையை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பால் எடுக்கும்போதெல்லாம் ரோஜாப்பூ.

ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல், சண்டைக்குப் போகிறவள் மாதிரி, வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தேன். கமலா, வேதாகமத் தேர்வில் நீ முதல் பரிசு, உன் தாளைப் பார்த்து நான் இரண்டாம் பரிசு. உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த அதிகாரமும் ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனானே, அந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. நம் அட்டையில் பதினோராம் வசனம் இருக்கிறது, அதற்கு முந்தைய வசனம் இல்லை. பத்தாம் வசனம் 'எழுபது வருஷம்' என்கிறது. எழுபது! அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள்? அவர்களுக்கும்தான் "தீமைக்கல்ல" என்று எழுதியிருக்கிறது.

அதற்கு முந்தைய அதிகாரத்துக்கும் போனேன். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான், எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். எனக்குக் கன்வென்ஷன் பந்தல் கண்ணுக்கு முன் வந்துவிட்டது, மைக் சத்தம் உட்பட. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அனனியா இல்லை. அவன் அப்படிச் சொன்னதும் எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." நடக்காது என்று தெரிந்த மனுஷன், நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கும் ஆசை. அந்த ஆமெனை வாசித்துவிட்டு நான் அழுதேன். ஏப்ரலில் கூட அப்படி அழவில்லை. என் ஆமெனும் அந்த வகையைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாமா?

மறுநாள் காலை ஷீபாவுக்குப் போன் போட்டு, அந்தக் கடிதத்தில் பாபிலோனில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று வாசித்துக் காட்டினேன். "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." ஐந்தாம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஆறாம் வசனத்தில் "குமாரரையும் குமாரத்திகளையும் பெற்று" என்று வருகிறது. அவள் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆறாம் வசனம் எனக்குத் தெரியும் அம்மா" என்றாள்.

அவளைப் பற்றி நான் பயந்தது வேறு, நடப்பது வேறு. விசுவாசத்தை விட்டுவிடுவாள் என்று பயந்தேன். அவள் ஞாயிறுதோறும் போகிறாள். வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் யார் வாயிலும் விழாமல் கிளம்பிவிடுகிறாள். ஜூலையில் இங்கே வந்திருந்தபோது ஆராதனையில் இரட்டைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம். சபையார் எழுந்து பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவள் நான். கோவில் பணியாள் செக்ஸ்டன் வந்து, "தண்ணீர் வருகிறதா அம்மா?" என்று கேட்டார். வருகிறது என்றேன்.

அந்த வாரம் குடும்ப ஜெபத்தில் அவள் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசித்தாள். நீ எடுத்துப் பார். மற்றப் பெரும்பாலான சங்கீதங்களில் எவ்வளவு புலம்பினாலும் முடிவுக்குள் எங்கேயாவது துதி எட்டிப் பார்த்துவிடும். இதில் கடைசி வரை இருட்டுதான். "இதை ஏன் யாரும் அட்டையில் போடுவதில்லை?" என்று கேட்டாள். இவர், "பின்னால் என்ன படம் போடுவது?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். ஏப்ரலுக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்புறம் அவள் ஒன்று சொன்னாள்: "இந்தச் சங்கீதக்காரன் ஒரு இடத்தில்கூடக் கடவுளை 'அவர்' என்று சொல்லவில்லை அம்மா, முழுக்க 'நீர்' என்றே சொல்கிறான்." இலக்கணம் சொல்லிக்கொடுத்தவளுக்கு மகள் படர்க்கையும் முன்னிலையும் சொல்லிக்கொடுத்தாள். நான் மே மாதம் முழுவதும் அவரைப் படர்க்கையில்தான் பேசிக்கொண்டிருந்தேன், கமலா. 'அவர் இப்படிச் செய்துவிட்டார், அவருக்குக் கண் இல்லை' என்று இவரிடமும் சுவரிடமும். இப்போது நேராகவே கேட்டுவிடுகிறேன். ஏன் இப்படிச் செய்தீர்? பதில் இல்லை. ஆனால் சுவரிடம் சொல்வதுபோல் இல்லை.

அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனம், "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்." அது வாசித்த அன்றுதான் உன் நினைவு வந்து குற்ற உணர்ச்சி பிடித்துக்கொண்டது. உன்னை விலக்கியது அவர் இல்லை, நான்.

ஆகஸ்டில் அவள் கேட்டு டோனாவூருக்குப் போய்வந்தோம். மிஷனெரி எமி கார்மைக்கேல் அம்மாள் 1931இல் களக்காட்டில் மாலை மங்கலில் ஒரு குழிக்குள் விழுந்தாரே, அதற்கப்புறம் 1951இல் சாகும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே. நம் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், 'அதனால்தான் அத்தனை புத்தகங்கள் எழுதினார்' என்று முடித்துவிடுவார்கள். விழுந்த கணக்குக்கு எழுதிய கணக்கு நேர் என்கிற மாதிரி. அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் கூட இல்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி. 'அம்மாய்' என்ற ஒரு சொல் மட்டும். அங்கே நிற்கும்போது எனக்குத் திக்கென்றது. பெறாமலே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயானவர் முன்னால் இவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், குத்திக்காட்டுவதாக நினைப்பாளோ? அவள் திரும்பி, "அம்மா, இதுவும் புத்திமதியா?" என்றாள். "நீதானே போகலாம் என்றாய்!" என்றேன். ஒரு சிட்டுக்குருவி வந்து தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே போய்விட்டது.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. என் ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் இருக்கிறதா? நீ வந்திருந்தபோது, "என்ன, கடைக்காரர்கள் வாங்காத பத்து ரூபாய் நாணயங்களாகப் பார்த்துக் கடவுளுக்குத் தள்ளிவிடுகிறாய்?" என்று கேலி செய்தாயே, அதுதான். எட்டு வருஷத்துப் பொருத்தனை. பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று பீடத்தில் கொண்டுபோய் வைப்பதாக நேர்ந்துகொண்டது. போன வாரம் துண்டை விரித்துக் கொட்டி எண்ணினேன். 237 நாணயம், 2,370 ரூபாய். அடியில் கிடந்தவை பச்சை பூத்துவிட்டன, புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

இதை என்ன செய்வது? டாக்டர் மேற்கொண்டு வேண்டாம் என்றுவிட்டார். கடவுள் தரவில்லை, ஆகவே நான் கொடுக்க வேண்டியதில்லை என்று என் கடைக்காரப் புத்தி சொல்கிறது. அப்படியானால் இத்தனை வருஷமும் நான் அவரோடு செய்தது வியாபாரமா என்று ராத்திரி இன்னொரு புத்தி கேட்கிறது. சபைக்குப் புதிதாக வந்த ஐயரிடம் கேட்டேன். சின்னப் பையன், நம் கடைசி மாணவர்களின் வயது இருக்கும். ஏப்ரலில் வீட்டுக்கு வந்தபோது ஒரு வசனமும் சொல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போன ஒரே ஆள் அவர்தான். பாட்டிலைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "அவசரமில்லை அம்மா, இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இவர், அடுத்த மாதம் கோவில் அசன விருந்துக்கு அரிசி வாங்கக் கொடுத்துவிடு என்கிறார். ஷீபாவிடம் கேட்கத் தைரியம் இல்லை. முதல் பரிசுக்காரி, நீ சொல். போனில் வேண்டாம், எழுது. போனில் நீ அழுதால் நானும் அழுவேன், இவருக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

நாணயங்களை மறுபடியும் பாட்டிலில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன், நீ எழுதும்வரை தொடுவதில்லை என்று. ஆனால் இன்று காலை கீரைக்காரி மீதிக்குப் பத்து ரூபாய் நாணயம் கொடுத்தாள். உள்ளே வந்து, ஸ்டூலில் ஏறி, மூடியைத் திறந்து போட்டு மூடிவிட்டு இறங்கின பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. 238.

உன்,
ரூபி

பி.கு. முறுக்கில் ஓமம் கொஞ்சம் அதிகம்.